சோதனைக்கு எடுத்த தண்ணீர்

ஓர் ஓடைக்கரையில் நீர்நாய் ஒன்று மீன் பதப்படுத்தும் கொட்டகை நடத்தி வந்தது. மீன் கழுவிய தண்ணீரைக் குழாய் வழியே ஓடையில் விட அதற்கு அனுமதி இருந்தது. அனுமதி கொடுத்த அதிகாரி கொக்கு.

குழாய்க்குக் கீழே ஒரு தாய் நண்டு குடியிருந்தது. செதிலும் ரத்தமும் கலந்த தண்ணீரில் அதன் குஞ்சுகள் ஒவ்வொன்றாய்ச் சுருண்டு விழுந்தன. நண்டு கொக்கிடம் போய் அழுதது.

கொக்கு மறுநாளே சோதனைக்கு வந்தது. குழாயை நெருங்கியதும் அதற்குக் குமட்டியது. உடனே பறந்துபோய், ஓடையில் கொட்டகைக்கு வெகுதூரம் மேலே, தண்ணீர் தெளிந்து வரும் இடத்தில் இறங்கிச் சோதனைக்குத் தண்ணீர் எடுத்தது.

“ஐயா, கெட்டது அங்கேதானே?” என்றது நண்டு.

“அந்த நாற்றத்தில் எப்படிம்மா நிற்பது? நின்றால்தானே சோதிக்க முடியும்?” என்றது கொக்கு. தண்ணீர் சுத்தம் என்று முடிவு சொல்லி, நீர்நாயின் அனுமதியையும் நீட்டித்தது.

நண்டு யோசித்தது. மிச்சமிருந்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு போய், கொக்கு தண்ணீர் எடுத்த இடத்திலேயே வளை தோண்டியது. குஞ்சுகள் தேறி ஓடியாடத் தொடங்கின.

அடுத்த சோதனைக்கு வந்த கொக்கு வளையைப் பார்த்து முகம் சுளித்தது.

“இங்கே குடியிருக்க அனுமதி வாங்கினாயா?”

“இல்லை ஐயா.”

“நீ மண்ணைக் கிளறினால் தண்ணீர் கலங்கும். அப்புறம் ஓடையே அசுத்தம் என்று நான் சொல்ல வேண்டிவரும்.”

“நான் எங்கே போவேன், ஐயா?”

“பழைய இடத்துக்கே போம்மா. அங்கே நீ எவ்வளவு கலக்கினாலும் யாரும் கேட்க மாட்டார்கள்,” என்றது கொக்கு, மிகுந்த பரிவோடு.