டிவி கரடி

சௌபர்ணிகா பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாள். ஓவியப் போட்டிக்கு அவள் வரைந்த கரடியின் மேல், ‘டிவி கார்ட்டூனைப் பார்த்துக் காப்பி’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

“யாரு சொல்லிக் குடுத்தது?” என்றான் அப்பா லட்சுமணன்.

“ஆத்தாதான் அப்பச்சி.”

மனைவியிடம் திரும்பினான். “நீலா, டீச்சருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுத்துரு.”

“நான் காப்பி அடிக்கலைங்க.”

“பொம்மை வரைஞ்சு பொழச்சவள்னு ஊருக்குத் தெரியணுமாக்கும்?”

நீலா எழுத்துக்கூட்டி எழுதினாள்: ‘அடுத்தவர் கரடியைச் சொல்லிக் கொடுத்தது என் தவறு.’ கீழே, புகுந்த வீட்டார் வைத்த பெயரைப் போட்டாள்.

மாஸ்கோ ஸ்டுடியோவில் அந்தக் கரடியை அவள் உருவாக்கியபோது அவள் பெயர் நீனா. கார்ட்டூன் முடிந்ததும் அந்தப் பெயர் ரஷ்ய எழுத்தில் ஓடும். காரைக்குடியில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவளும், அங்கே இன்ஜினியரிங் படிக்கப் போய் அவளைக் கட்டிக்கொண்டு வந்த லட்சுமணனும்.