மீன்சோறு

நரம்பை வெட்டினால் வலி போகும், விரல்களில் உணர்வும் போகலாம் என்றார் டாக்டர். அது எப்படியிருக்கும் என்று பார்க்க, மரத்துப்போகும் ஊசி ஒன்றைப் போட்டு அனுப்பினார். விபத்தில் மனைவி அமலி இறந்த நாளிலிருந்து எரிந்துகொண்டிருந்த என் வலது கை முதல்முறையாக அடங்கியது.

"முகமே தெளிஞ்சிருச்சே, மாப்ள. இன்னும் என்ன யோசன? ஆப்பரேசன பண்ணிருங்க," என்றபடி மாமியார் மத்திக்குழம்பை ஊற்றினார்.

மகளுக்காக மீனைச் சோற்றோடு பிசைந்தேன். பொடிமுள் கண்ணுக்கு அகப்படாது, விரல்தான் கண்டுபிடிக்கும். இன்று விரல்களுக்குச் சோறே தெரியவில்லை. மறுபடி பிசைந்தேன். வலி இல்லை. உருட்டி நீட்டினேன்.

"முள்ளு பாத்தியாப்பா?"

"பாத்துட்டேன்."

அவள் வாயைத் திறந்தாள்.