பென்சில் புகார்

"யார் குடுத்ததுன்னு கீழ கையெழுத்து கீது, பாரும்மா" என்று தாளை மேசைமேல் திருப்பி வைத்தார் ஆதிகேசவன். பள்ளிக்கூடம் அவருடையது.

யுகேஜி மிஸ் தமிழ்செல்வி குனிந்து பார்த்தாள். நீல மையில், தெலுங்கில், கல்பனாவின் கையெழுத்து. யுகேஜி டைரியில் அவள் தினமும் பார்ப்பதுதான். அம்முவின் அம்மா.

அதற்கு மேலே பென்சிலில், கோணல்மாணலாக மூன்று வரிகள். 'மிஸ் பாட்டு பாடுது. படம் போட வெக்குது. எழுத்து சொல்லித் தரல.'

வேறு யாராவது கொடுத்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. கோலப்பொடியில் எழுத்து வரையச் சொன்னதற்கும், எழுத்துக்கு ஒரு பாட்டு கட்டி ஆட வைத்ததற்கும் மற்ற அம்மாக்கள் முணுமுணுத்தபோது, இவள் பக்கம் நின்று பேசியவள் கல்பனா. மலையடிவாரத்தில் பூ விற்றுவிட்டு வந்த கையோடு, வகுப்புக்கென்று துணிப் பொம்மைகள் தைத்துத் தந்தவள். இத்தனையும் செய்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

பிள்ளைகளுக்கு எழுத்து வந்துவிட்டது என்று தமிழ்செல்வி மெல்லச் சொன்னாள். எங்கே, நோட்டைக் காட்டு என்றார் ஆதிகேசவன். நோட்டுகள் காலியாகத்தான் இருந்தன. அவர்கள் எழுதியதெல்லாம் தரையில், அன்றன்றைக்கே கூட்டித் தள்ளியாகிவிட்டது. இயற்பியல் படித்தவளுக்கு நிரூபிக்க ஒன்றும் கையில் இல்லை.

"திங்கக்கிழமைலேர்ந்து உன் கிளாஸ மோனிஷா மிஸ் பாத்துக்கட்டும். நீ வர வேணாம்மா."

அம்முவை அழைத்துப்போக வந்த கல்பனாவை அவர் உள்ளே கூப்பிட்டார். மகளின் கையைப் பிடித்தபடி வந்தவள், தமிழ்செல்வியைப் பார்த்ததும் பார்வையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஆங், நான்தான் சார் குடுத்தேன். எங்க பாவா, அதான் அம்மு அப்பா, காலி நோட்டப் பாத்துட்டு, ஆட்டம் பாட்டத்துக்கா புள்ளய அனுப்புறேன்னு திட்டிகினே இருந்தாரு. பக்கத்து வூட்டுப் புள்ள நோட்டு நோட்டா ரொப்பிகினு வருது."

தமிழ்செல்வி அவள் பக்கம் திரும்பினாள். "எங்கிட்டயே சொல்லியிருக்கலாமேக்கா. உக்காந்து எழுதற அளவுக்கா போயிட்டேன் நான்?"

கல்பனா நிஜமாகவே திகைத்துப்போனாள்.

"நான் எங்க மிஸ் எழுதினேன்? நகரி ஊர்ல தெலுங்கு மட்டும் படிச்சவளுக்குத் தமிழ் எழுதவா வரும்?"

ஆதிகேசவன் நிமிர்ந்தார். "அப்ப எழுதினது யாரு?"

"நான் சொல்லச் சொல்ல, அம்முதான் சார் எழுதிச்சி."