நிக்கும்ணே

அபராதச் செய்தி அவன் போனுக்குத்தான் வந்தது.

பைக் அவனுடையதல்ல. விற்று நான்கு மாதம் ஆகிறது.

காகிதத்தில் மட்டும் இன்னும் அவனுடையது.

விற்ற அன்றே இருவரும் பெயர் மாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுப்பது அவன் பொறுப்பு. வெப்ப இயக்கவியல் புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்திருந்தான். அவன் திறக்கவே திறக்காத இடம்.

இது ஐந்தாவது செய்தி. ஐந்திலும் குற்றம் ஒன்றுதான். சிக்னலில் வெள்ளைக் கோட்டைத் தாண்டி நின்றது.

ஒவ்வொன்றையும் சேசுராஜுக்கு அனுப்பிவிடுவான். பைக்கை வாங்கியவர் அவர்தான், டைல்ஸ் ஒட்டுகிறவர். அபராதத்தைக் கட்டிவிட்டு அவரே பதில் போடுவார்: 'மன்னிச்சுக்க தம்பி, என் தப்பு.'

அவன் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புவான்.

ஐந்தாவது தடவை அது முடியவில்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

வரிசையில் அவனுக்கு முன்னால் பதினோரு பேர். செய்ய ஒன்றும் இல்லாததால் செய்திகளோடு வந்த படங்களைப் பார்த்தான்.

முதல் படத்தில் முன்சக்கரம் கோட்டை மிதித்திருந்தது.

மூன்றாவதில் பைக் முழுசாகக் கோட்டுக்கு அப்பால்.

ஐந்தாவதில் ஆட்கள் நடந்து கடக்கிற பட்டைகளின் நடுவே. ஒரு பெரியவர் கூடையோடு ஒதுங்கி நிற்கிறார்.

எல்லாப் படத்திலும் சேசுராஜின் இரண்டு கால்களும் தரையில்.

அந்த ஊன்றல் அவனுக்குத் தெரியும். ஒரு வருடம் அவன் செருப்புகளும் அப்படித்தான் தேய்ந்தன.

கடைசிப் படத்தைப் பெரிதாக்கினான். பெட்ரோல் டேங்க் மேல் ஒரு சிறுமி. அப்பாவின் கைமேல் தன் கையை வைத்து அவளும் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்தபடி.

விற்ற அன்று சேசுராஜ் கேட்டது ஒரே கேள்வி.

"பிரேக் புடிச்சா நிக்குமா தம்பி?"

"நிக்கும்ணே."

மேட்டுத் தெருவாகப் பார்த்து ஓட்டியும் காட்டினான். மேட்டில் எந்த வண்டியும் நிற்கும்.

பொய் சொல்லவில்லை. எங்கே நிற்கும் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அலுவலக அம்மா படிவத்தில் முத்திரை குத்தினார்.

"பேர் மாறிடும் தம்பி. இனிமே உங்களுக்கு எதுவும் வராது."

இதைக் கேட்கத்தான் வந்தான். கேட்டதும் அந்தக் கடைசிப் படத்தை மறுபடி திறந்தான்.

வெளியே வந்து சேசுராஜை அழைத்தான்.

"சொல்லு தம்பி. வண்டியிலதான் இருக்கேன், பாப்பாவ ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வர்றேன். மறுபடி எதுவும் வந்துருச்சா?"

"அண்ணே, வண்டிய நிறுத்துங்க."

"இரு, ஓரமா நிறுத்துறேன்."

செருப்பு தேயும் சத்தம் கேட்டது.

கேட்டுக்கொண்டே இருந்தது.