கீச்சுச் சத்தம்

“என்ஜின்ல கீச்சுக்கீச்சுன்னு சத்தம் வருது. இன்னிக்கே கண்டுபிடிக்கலன்னா நாளைக்கு வேற டிரைவர்தான்,” என்றார் அரிசி வியாபாரி மரைக்காயர்.

டிரைவர் அடைக்கலம் அவசரமாகக் கருவிப் பையை எடுத்தான். இந்த வேலையும் போனால் கைக்குழந்தையோடு மனைவி முத்தாயி எங்கே போவாள்?

துரைமார் கழித்துவிட்ட பழைய மோட்டார் லாரி அது. சிராங்கூன் சாலையோரம் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு மூடியைத் திறந்தான். திருகாணிகளை முடுக்கினான். அச்சுக்கு எண்ணெய் விட்டான். ஒவ்வொன்றுக்கும் பிறகு முதலாளியின் முகத்தைப் பார்த்தான். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

“மாட்டுவண்டிக்காரன்கூட எந்தச் சக்கரம் கத்துதுன்னு சட்டுனு சொல்லிடுவான்டா!”

கடைசியில் காற்றாடியின் தோல்வாரைக் கழற்றி, விளக்கெண்ணெய் தடவி மாட்டி, மறுபடி ஓடவிட்டான்.

“வார்தான் மொதலாளி! இப்பச் சுத்தமா நின்னுடுச்சு. நல்லாக் கேட்டுப் பாத்துட்டேன்.”

மரைக்காயர் சிரிக்கவில்லை. அவனைத் தன் பக்கம் திருப்பி, உதடு நன்றாகத் தெரியும்படி நிதானமாகப் பேசினார்.

“நேத்து நீ லாரியப் பின்னால எடுத்தப்ப ரிக்சாக்காரன் அந்தக் கத்து கத்துனான். நீ நிறுத்தல. மயிரிழையில தப்பிச்சான். உனக்குக் காது கேக்குதான்னு பாக்க, நானாக் கட்டிவிட்ட சத்தம்டா அது.”