கரண்ட் போன வீடு

மத்தியான வெயிலில் தெருவெங்கும் விசைத்தறிச் சத்தம். மாடி அறையில், இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத ஒரு வீட்டின் விளக்குகளைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக அணைக்கிறான், வீட்டு வரைபடம் போடும் பெத்துராஜ். பக்கத்தில் அந்த வீட்டைக் கட்டப்போகும் ரூபியா. அவள் கையிலிருக்கும் போனில், வீடியோ காலில், சவூதியின் தம்மாமிலிருந்து கணவர் பாதுஷா. "கரண்ட் போனா வீடு எப்படி இருக்கும்னு காட்டுங்க தம்பி" என்று அவள்தான் கேட்டிருக்கிறாள். "கிறுக்குத்தனமால்லா இருக்கு. கூடத்து மேல கண்ணாடி எதுக்கு, வெயிலுதான் இறங்கும். அடைச்சு காங்கிரீட் போடச் சொல்லு" என்கிறார் பாதுஷா. கடைசி விளக்கும் அணைய, திரை கன்னங்கரேலென்று ஆகிறது. பெத்துராஜ் கூரைக்கு மேலே ஒரு நிலாவை வைத்துவிட்டுச் சிரித்தபடி, கம்ப்யூட்டர் அந்த வெளிச்சத்தைக் கணக்கிட்டுப் படமாக்கக் காத்திருக்கிறான். முதலில் மாவு சிந்தினாற்போல் இருட்டில் சில வெள்ளைப் புள்ளிகள். அவை பெருகிப் பெருகி ஒன்று கூடுகின்றன. கூடத்துக் கண்ணாடி வழியே நிலா வெளிச்சம் இறங்கி, தரையில் ஒரு பாய் அகலத்துக்கு விரிகிறது. இருட்டுக்குள்ளிருந்து சுவர்களும் வாசல்நிலையும் தாமாகவே எழுந்து வருகின்றன. பெத்துராஜ் மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுகிறான். ரூபியா போனைத் திரைப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறாள். தறிச் சத்தத்துக்கு நடுவே போனில் பாதுஷாவின் குரல், மிகவும் தணிந்து: "ஆட்டாமப் பிடி ரூபியா. இன்னும் கொஞ்ச நேரம்."