மாரிசாமியின் விலங்கியல்

டெக்சாஸ் இர்விங்கில் மாரிசாமி சொன்னால் சொன்னதுதான். ஆபீஸில் மேனேஜரே மறுத்துப் பேசமாட்டாராம், மாரிசாமியே சொல்வார். அவரைத் திருத்திய ஒரே ஆள் எட்டு வயது மகள் தென்றல். தொண்ணூற்றெட்டு மார்ச்சில் அவள் இறந்துபோனாள்.

ஜூனில் அவரும் மனைவி சாந்தாமணியும் மட்டும் சஃபாரி பூங்காவுக்குக் காரில் போனார்கள். கோயமுத்தூர் சொந்தங்களுக்காக அவர் கேம்கார்டரில் வர்ணித்தார்: “இதுதானுங்க லெப்பர்ட்!”

வீட்டில் டேப்பைப் போட்டபோது, அதில் காரின் பின்சீட்டுப் பக்கமிருந்து குரல் கேட்டது: “நோ அப்பா, தட்ஸ் எ சீட்டா.”

இப்போது சனிக்கிழமைதோறும் போகிறார்கள். அதே சீட்டாவைக் காட்டி மாரிசாமி, “சாந்தா, எத்தாப் பெரிய சிங்கம் பாரு!” என்கிறார்.

“ஆமாங்க, சிங்கந்தானுங்க.”

ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாதென்று சாந்தாமணி ஏ.சி.யை அணைக்கிறாள். கண்ணாடியை இறக்க அங்கே அனுமதியில்லை. வியர்வை வழிய இருவரும் காத்திருக்கிறார்கள்.